முதல் பரிசு வாங்காத பையன்

‘தாரே ஜமீன் பர்’ என்ற இந்திப் படம் 2007 டிசம்பரில் வெளிவந்தது. கதை எழுதியவர் அமோல் குப்தே. ஆமிர் கான் இயக்கி, அவரே ஓவிய ஆசிரியராகவும் நடித்தார். கடைசிப் பரிசளிப்புக் காட்சியில் தியேட்டரே அழுதது, நானும் அழுதேன். சென்ற மாதம் வீட்டில் மறுபடி பார்த்தபோது அந்த இடத்தில் எனக்குக் கண்ணீர் வரவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்ததில் எழுதுவது இது.

இஷானின் கண்முன் எழுத்துக்கள் ஆடுவதாகப் படம் காட்டுகிறது. அது சினிமாவுக்கு வேண்டிய சௌகரியம். டிஸ்லெக்ஸியா என்பது பெரும்பாலும் கண்ணின் கோளாறு அல்ல. ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் உள்ள சிரமம். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1896லேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில டாக்டர் இப்படிப்பட்ட 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவன் வாத்தியார் சொன்னாராம்.

அப்பாவின் கோபத்தைப் பற்றி விமரிசகர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அண்ணன் யோகான். நல்ல பையன், தம்பிமேல் உயிரையே வைத்திருக்கிறான். ஆனாலும் அவன் வாங்கும் முதல் மார்க் அந்த வீட்டில் ஓர் அளவுகோலாக நிற்கிறது. யாரும் வாய்விட்டு ஒப்பிட வேண்டியதே இல்லை.

நானும் ஒரு யோகான்தான். ரேங்க் கார்டு வரும் நாளில் அம்மா எனக்காகக் கேசரி கிளறுவாள். தம்பிக்கும் அதே அளவு வைப்பாள். “வயிறு சரியில்லை” என்று அவன் எழுந்துவிடுவான். ணகரமும் னகரமும் அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் ராத்திரி நான் உரக்கப் படித்த சரித்திரப் பாடத்தை மறுநாள் வருஷம் தவறாமல் ஒப்பிப்பான். அதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. “வாய் இருக்கு, எழுதத்தான் சோம்பல்” என்றார் வாத்தியார். நாங்களும் அதையே சொன்னோம். அந்தப் பையனிடம் இங்கிலீஷ் வாத்தியார் கண்டது வீட்டிலேயே எங்கள் முன் இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

விடுதிப் பள்ளியில் ஒரு கவிதை வகுப்பு வருகிறது. இஷான் கவிதையின் பொருளைத் தன் சொல்லில் சொல்லித் திட்டு வாங்குகிறான். மனப்பாடம் செய்தவன் பாராட்டு வாங்குகிறான். நம் பள்ளிக்கூடங்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இத்தனை தெரிந்தவர்கள் முடிவில் ஏன் ஓவியப் போட்டி வைத்தார்கள்? முதல் பரிசு வாங்கிய பிறகுதானே அவன் எல்லோருக்கும் இனிக்கிறான்! அப்பா வீட்டில் மார்க்கை வைத்து அளந்ததை, படம் மைதானத்தில் ஓவியத்தை வைத்து அளக்கிறது. ஓவியம் வராத இஷானை என்ன செய்வது? என் தம்பிக்குப் படம் போட வராது, பாடவும் வராது. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்தக் குறையையும் கணக்கில் சேர்த்திருக்கிறது. அவன் பள்ளியை விட்டு வந்து அப்போது எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

படத்தில் உண்மையான வேலை வேறிடத்தில் நடக்கிறது. ஆசிரியர் மணலில் விரலால் எழுத வைக்கிறார், களிமண்ணில் எழுத்துப் பிடிக்க வைக்கிறார், படிக்கட்டில் ஏற்றி இறக்கிக் கணக்குச் சொல்லித் தருகிறார். கைதட்ட யாரும் இல்லை. ஒரு பாட்டு நேரத்துக்குள் அதை ஓட்டிவிட்டார்கள். நாவலாசிரியனாக இருந்தால் அங்கே நூறு பக்கம் தங்கியிருப்பான். போட்டியை ஒரு வரியில் முடித்திருப்பான்.

சென்ற மாதம் நான் தனியாகப் பார்க்கவில்லை. ஊரிலிருந்து தம்பி வந்திருந்தான். பரிசளிப்புக் காட்சி வந்ததும் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டான். படம் முடிந்த பிறகு உள்ளே வந்து, “அந்த மணல்ல எழுதறது வந்துதே, அதை மட்டும் இன்னொரு தரம் போடுண்ணா” என்றான்.