பி.யு.இ. என்றொரு மார்க்

டேட்டா சென்டர்காரர்கள் 'நாங்க கரன்ட்டை வீணாக்குறதில்லை' என்று நிரூபிக்க ஒரு மார்க் வைத்திருக்கிறார்கள். பெயர் பி.யு.இ. கட்டடம் மொத்தமாக இழுக்கும் மின்சாரத்தை, உள்ளே கம்ப்யூட்டர்கள் மட்டும் இழுப்பதால் வகுத்தால் வரும் எண். ஏ.சி., இத்யாதிக்குச் செலவே இல்லையென்றால் 1. கூகுளின் சராசரி, 2024-ல் 1.09. சபாஷ்தான்.

ஆனால், பி.காம். படித்தவனுக்கு விகிதத்தைக் காட்டினால் கண் தொகையைத் தேடும். வேலையில்லாமல் ஓடும் சர்வர்களை அணைத்துப் பாருங்கள். கரன்ட் மிச்சம். ஏ.சி. செலவு அதே வேகத்தில் குறையாததால் மார்க் மட்டும் மோசமாகும்! கட்டடங்கள் பெருகினால் மொத்த பில் ஏறுவதும் இதில் தெரியாது. அயர்லாந்தில் மீட்டரில் பதிவான மின்சாரத்தில் இவர்கள் பங்கு 2015-ல் 5 சதவிகிதம். 2024-ல் 22.

க்ரிட்டோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பதையும் இந்த மார்க் சொல்லாது. 2024 ஜூலை 10, அமெரிக்காவின் வர்ஜீனியா. ஒரு 230 கிலோவோல்ட் லைனில் கோளாறு. வோல்டேஜ் பலமுறை சரிந்து சரிந்து மீள, சுமார் 60 டேட்டா சென்டர்கள் 'எங்க ஜெனரேட்டரே போதும்பா' என்று ஒரே சமயத்தில் கழன்றுகொண்டன. 1,500 மெகாவாட்டை வாங்க ஆளில்லை! நமக்குத் தெரிந்த மின்வெட்டுக்கு இது நேர் தலைகீழ். வோல்டேஜ் எகிற, மின்நிலையங்களில் உற்பத்தியை அவசரமாகக் குறைத்தார்கள். கழன்றது தானாக, திரும்பக் கோத்தது கையால், மணிக்கணக்கில்.

வோல்டேஜ் சரிந்தால் எத்தனை நொடி தாங்குவீர்கள், உச்சநேரத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள்? 1.09-க்குப் பக்கத்திலேயே இதையும் அச்சடியுங்கள் சார்!