நான்கு இருக்கை, மூன்று பேர்

செஸ்னா 172 விமானத்தை யாருக்கும் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1956-ல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். உலகில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. நான் ஓட்டிவருவது 172எஸ்: 180 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின், முன்னால் ஜி1000 திரைகள். மற்ற விவரமெல்லாம் கம்பெனியின் கையேட்டிலேயே கிடைக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். திருப்பூர்க்காரர் ஒருவர் காலையில் கிளம்பி, தூத்துக்குடியில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப இந்த விமானம் சரிப்படுமா? தூத்துக்குடியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. நம் பனியன் கம்பெனிகளிலிருந்து கிளம்பும் கன்டெய்னர்களில் பெரும்பகுதி அந்தத் துறைமுகத்துக்குத்தான் போகிறது. காரில் போய்வந்தால் ஒரு நாள் முழுக்கச் சாலையிலேயே கழிந்துவிடும். அதனால் இந்த சீசன் முழுக்க அந்த வழியிலேயே திரும்பத் திரும்பப் பறந்து பார்த்தேன்.

பறப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆள் ஏற்றுவதில்தான் சிக்கல்.

இருக்கை நான்கு. நாலு பேர் வருகிறோம் என்று நண்பர்கள் சொல்லிவிடுகிறார்கள். புறப்படும்போது மொத்த எடை 1,157 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. இந்த விமானம் வெறுமனே நின்றாலே சுமார் 770 கிலோ. மீதி 385 கிலோவுக்குள்தான் ஆள், பை, பெட்ரோல் எல்லாம். டேங்க் நிறைய அடித்தால் 200 லிட்டர். அது மட்டுமே 144 கிலோ. மூன்று பேர் உட்கார்ந்தால் கணக்கு முடிந்தது. துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்து ஜிஎஸ்எம் பார்க்கிற ஊர் நம்முடையது. அதே கறாருடன் இங்கே மனிதர்களை நிறுக்க வேண்டியிருக்கிறது. "அண்ணா, எத்தனை கிலோங்க?" என்று பெரியவர் ஒருவரிடம் கேட்பது எனக்கு இன்னும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்காமல் ஏற்ற மாட்டேன். அவர் சொல்லும் எடையை அப்படியே எழுதிக்கொள்ளவும் மாட்டேன். தராசில் ஏறச் சொல்கிறேன்.

பெட்ரோலைக் குறைத்தால் ஆளைக் கூட்டலாமே என்று தோன்றும். அங்கேதான் நம் நாட்டு நிலைமை குறுக்கே நிற்கிறது. இந்த எஞ்சின் குடிப்பது ஏவ்கேஸ் 100எல்எல் என்ற விமான பெட்ரோல். ஜெட் விமானங்களுக்கு ஊற்றும் எண்ணெய் இதற்கு ஆகாது. 2022 வரை இந்தியா ஏவ்கேஸ் முழுவதையும் இறக்குமதி செய்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் தன் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த ஏவ்கேஸை வெளியிட்டது. இன்றைக்கும் போகிற ஊரில் கிடைத்துவிடும் என்று நம்பிக் கிளம்ப முடியாது. திரும்பி வருவதற்கும் சேர்த்து இங்கேயே நிரப்பிக்கொள்கிறேன்.

வழியும் நேர்வழி இல்லை. நான் கிளம்பும் கோவை விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடிக்கு நூல் பிடித்தாற்போலப் போனால் உடுமலையைத் தாண்டியதும் பழனி மலை குறுக்கே வந்து நிற்கும். அதன் மேலே ஏறிக் கடக்காமல், கிழக்கே ஒதுங்கித் தாராபுரம், திண்டுக்கல், மதுரை என்று போகிறேன். சுமார் 310 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். மணிக்கு 34 லிட்டர் வாக்கில் செலவாகிறது. போக, வர, சட்டம் கேட்கும் இருப்பு, என் மன நிம்மதிக்குக் கொஞ்சம் என்று கூட்டினால் 135 லிட்டர். கிட்டத்தட்ட 97 கிலோ. பாக்கி 288 கிலோ. தலா 80 கிலோ என்று வைத்தாலும் நாலு பேருக்கு 320 ஆகிறது. நாலாவது ஆள் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

வெயிலும் எடைக் கணக்கில் சேர்த்திதான். கோவையின் பீளமேடு ஓடுதளம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,300 அடி. 35 டிகிரி வெயிலில் காற்று மெலிந்து, 4,000 அடி உயரத்தில் இருக்கிற ஓடுதளம் போல விமானம் சோர்ந்துதான் எழும்பும். அதனால் காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். பதினொன்றுக்கு மேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சூடான தரையும் சேர்ந்து உலுக்கி எடுக்கின்றன. ஆனி, ஆடியில் முதல் முறை வருகிறவரை இதில் ஏற்றவே கூடாது என்பது என் கருத்து. அந்தக் காற்று செய்யும் நல்லது ஒன்றும் உண்டு: ஓடுதளம் தென்மேற்கு நோக்கி இருப்பதால், பெரும்பாலும் நேர் எதிரே வீசி விமானத்தைச் சீக்கிரம் தூக்கிவிடுகிறது.

மேலே போய்விட்டால் மனசு நிறைந்துவிடும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னல் வழியாகத் தரை முழுக்கத் தெரிகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கின்றன. அவற்றில் பல நம் ஊர் நூற்பாலைகளும் பனியன் கம்பெனிகளும் போட்டவை. கரண்ட் பில்லில் யூனிட் கணக்காக மட்டும் பார்த்து வந்ததை மேலிருந்து மொத்தமாகப் பார்த்தபோது, இந்த ஊர் எவ்வளவு உழைத்திருக்கிறது என்று நெஞ்சு விம்மியது.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டும் விமானத்தில் ஏசி இல்லை; தரையில் அனுமதிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் சட்டை நனைந்துவிடும். சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால் காத்திருப்பு அடிக்கடி நேர்கிறது. ஒவ்வொரு முறையும் பறப்புத் திட்டம், வான் பாதுகாப்பு அனுமதி எண் எல்லாம் வாங்கியாக வேண்டும். திருப்பூரில் ஓடுதளம் இல்லாததால் அவிநாசி ரோட்டில் கோவை விமான நிலையம் வரை வண்டி ஓட்டுவது தனி.

தூத்துக்குடியில் இறங்குவது சுகம். 1,350 மீட்டராக இருந்த வாகைக்குளம் ஓடுதளத்தை 3,115 மீட்டருக்கு நீட்டிவிட்டார்கள்; புது முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. ஊருக்குள் போய் சீலா மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுத் திரும்பும்போது, பெட்ரோல் செலவானதால் விமானம் கோவையில் கிளம்பிய எடையைவிட 35 கிலோவுக்கு மேல் குறைந்திருக்கும். ஓடுதளமும் கிட்டத்தட்ட கடல் மட்டத்திலேயே இருக்கிறது. உச்சி வெயிலிலும் அங்கே கிளம்புவது காலையில் கோவையில் கிளம்பியதைவிட எளிது. வீட்டுக்கு மக்ரூன் வாங்கித் தாராளமாக ஏற்றலாம்.

செஸ்னா மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஜெட் எண்ணெயில் ஓடும் டீசல் எஞ்சின் வைத்த 172 ஒன்றைக் கொண்டுவந்து, 2018-ல் கைவிட்டுவிட்டார்கள். நமக்குத் தேவைப்பட்டது அதுதான். ஜெட் எண்ணெய் என்றால் திரும்பி வருவதற்கு இங்கிருந்தே சுமக்க வேண்டியதில்லை.

ஓட்டப் பழக, இருவரோ மூவரோ போய்வர, இன்றைக்கும் 172-க்கு நிகரில்லை, தாராளமாக வாங்கலாம். நாலு இருக்கையும் நிரம்பித்தான் பறக்க வேண்டும் என்பவர்கள், ஜெட் எண்ணெயில் ஓடும் டயமண்ட் டிஏ40 என்ஜி போன்றவற்றை முதலில் பாருங்கள். எதை வாங்கினாலும், ஹேங்கரில் ஒரு நல்ல எலக்ட்ரானிக் தராசு வாங்கி வையுங்கள். யாரை எங்கே சாப்பிட அழைப்பது என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.