சாலை கற்பிக்கும் நிதானம்

முதல் உலகப்போரில் மாண்ட வீரர்களின் நினைவாக, விக் கிளாப்பம் என்பவரின் முயற்சியால் 1921இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர், அதாவது மாரத்தானைப் போல இருமடங்குக்கும் மேல் நீள்வதாகும். பொதுவாக ஓராண்டு கடலோரத்திலிருந்து மேல்நோக்கியும் மறு ஆண்டு கீழ்நோக்கியும் நடப்பதால், இதில் ஒரு முறை ஓடியவரும் சாலையின் பாதியையே அறிந்தவராகிறார்.

புதியவர்கள் ஓட்டத்துக்கு முன்பே பேருந்திலோ காரிலோ அவ்வழியே சென்று பார்ப்பது நல்ல வழக்கம். ஆயினும் வண்டி சில நிமிடங்களில் கடந்துவிடும் பாலி ஷார்ட்ஸ் ஏற்றம், மேல்நோக்கிய ஓட்டத்தில் 80 கிலோமீட்டர் ஓடிக் களைத்த கால்களுக்கு முற்றிலும் வேறொன்றாகி, தேர்ந்தவர்களையும் நடக்கவைக்கிறது. அந்த நடை தோல்வியன்று. தன் வலுவின் அளவை ஒருவர் நேர்மையாக ஒப்புக்கொள்ளும் முதிர்ச்சியே அது. வழியோரச் சரிவில் குடையப்பட்ட ‘ஆர்தரின் இருக்கை’யில், ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டனுக்கு மலர் வைத்துக் காலை வணக்கம் சொல்லிச் செல்லும் மரபு, முன்னோடியை மதிக்கும் அழகிய பண்பாகும்.

பன்னிரண்டு மணி நேரம் நிறைந்ததும், வந்துகொண்டிருப்போருக்கு முதுகு காட்டி நின்று ஓர் அலுவலர் துப்பாக்கியால் சுட, எல்லைக்கோடு மூடப்படுகிறது. ஒரு நொடி பிந்தியவருக்கும் பதக்கம் இல்லை.