உழைச்செல்வான்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' வகுப்பில் நடத்தப்படும்போது, பாடம் பெரும்பாலும் உணவோடு முடிந்துவிடுகிறது. ஆறு குறள்கள் உண்ணும் அளவையும் முறையையுமே கூறுவதால் அவ்வாறு நேர்கிறது போலும். இறுதியில் நிற்கும் 950ஆம் குறளுக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கையும் எண்ணிக் காட்டி, உழைச்செல்வான் என்பவன் பணியாள் என்று சொல்லி ஆசிரியர் ஏட்டை மூடுவார்.

இப்பொருள் குறளுக்கும் பொருந்தாது, உரைக்கும் பொருந்தாது. உழை என்பது பக்கம். அருகிருந்து மருந்து கொடுப்பவன் என்ற கருத்தில் மு. வரதராசனார் உரைத்தது இதனினும் நன்று. பரிமேலழகரோ நான்கினுக்கும் நான்கு நான்கு பண்பு வகுத்துப் பதினாறாக விரிக்கிறார். உழைச்செல்வானுக்கு அவர் வேண்டுவன: நோயாளியிடத்து அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவு. மூன்றாவதைப் பற்றிக்கொண்டு நான்காவதைக் கைவிட்டதால் வந்த பிழையே 'பணியாள்' என்பது. அறிவை வேண்டியபின் அவனை வெறும் ஏவலன் என்பது எங்ஙனம்?

இவ்வாராய்ச்சி சொல்லாராய்ச்சி மட்டுமன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தொழிற்சோர்வுக்கு விளக்கம் தந்தபோது, அதனை நோய் என்னாது, தணிக்கப்படாத பணியழுத்தத்தின் விளைவு என்றது. ஆற்றல் வற்றுதல், தொழிலில் மனம் விலகுதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். மருத்துவர்களை இது பெரிதும் வாட்டுகிறது. நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பதிவேட்டுக்கும் மேசை வேலைக்கும் போவதாக 2016இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. மருத்துவன் தனியனாய் நின்றால் விளைவது இது.

கொலராடோ பல்கலைக்கழகக் குடும்ப மருத்துவத் துறையில் இதற்கொரு மாற்றுக் கண்டனர். நோயாளியின் குறைகளைக் கேட்டறிவதும் மருத்துவர் ஆய்வதை உடனிருந்து பதிவதும் பயிற்சி பெற்ற உதவியாளர் கடமையாயின. சோர்வுற்ற மருத்துவர் 53 விழுக்காட்டிலிருந்து 13 விழுக்காடாயினர். ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. ஒரு மருத்துவருக்கு ஓர் உதவியாளர் என்றிருந்ததை ஏறக்குறைய இரண்டரையாக உயர்த்திய பின்னரே இப்பயன் கிட்டியது. ஆள் கூட்டாமல் 'குழு' என்று பெயர் மட்டும் சூட்டினால், மருத்துவர் தோளிலிருந்த சுமை தாதியர் தோளுக்கு மாறும்; அவ்வளவே.

இவையெல்லாம் வள்ளுவர் முன்னரே கண்டவை என மேடையில் முழங்குவோர் உளர். அது மிகை. நான்கு கூறு என்னும் பகுப்பு வடமொழிச் சரக நூலிலும் உண்டு. அன்றியும், மருத்துவனுக்குப் பரிமேலழகர் வகுத்த நான்கனுள் நோய் கண்டு அஞ்சாமை உண்டு, கல்வியும் நுண்ணறிவும் உண்டு, பலகாலும் தீர்த்த பழக்கம் உண்டு, தூய்மையும் உண்டு. அவனும் களைப்பான் என்பதற்கு உரையில் இடமில்லை. தோட்டத்து மக்கள் இதனை வேறு வழியில் அறிந்திருந்தனர். பல தோட்டங்களுக்குப் பொதுவான மருத்துவர் என்றோ ஒருநாள் வந்து போவார். இரவில் கதவைத் தட்டினால் விளக்கோடு எழுந்து வந்தவர் டிரசரே.