ஓவியத்திலிருந்து அசைவூட்டப் படத்திற்கு: இரு பெயர்ப்பு முறைகள்

மொழியால் அமைந்த ஒன்றை மொழியல்லாத வேறொரு குறியமைப்பிற்குக் கொண்டு செல்வதையும் மொழிபெயர்ப்பின் ஒரு வகையாக ரோமன் யாகப்சன் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையில் வகுத்துக் காட்டினார். தொல்காப்பிய மரபியலோ தொகுத்தல், விரித்தல், தொகைவிரி ஆகியவற்றோடு மொழிபெயர்ப்பையும் சேர்த்து வழிநூல் நால்வகைப்படும் என்று கூறும். இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்குமிடத்து, ஓவியத்தை முதல்நூலாகக் கொண்டு எழும் அசைவூட்டப் படம் எதைத் தொகுக்கிறது, எதை விரிக்கிறது என்னும் வினா எழுகிறது. வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் 'பாம்பி' (1942), 'ஸ்லீப்பிங் பியூட்டி' (1959) ஆகிய இரு படங்களும் இவ்வினாவிற்கு எதிரெதிரான விடைகளைத் தருகின்றன.

ஃபெலிக்ஸ் சால்ட்டன் ஜெர்மன் மொழியில் எழுதிய 'பாம்பி' புதினம் 1923இல் நூலாக வெளிவந்தது. விட்டேக்கர் சேம்பர்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1928இல் வெளியாயிற்று. கதை முழுவதும் காட்டில் நிகழ்வதால், காட்டை எவ்வாறு வரைவது என்பதே படமாக்கியோர் எதிர்கொண்ட முதற்சிக்கல். தொடக்கத்தில் இலை, கிளை, புல் அனைத்தையும் நுணுக்கமாகத் தீட்டினர். அவற்றினிடையே மான் கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று. சிக்கலைத் தீர்த்தவர் 1938இல் அந்நிறுவனத்தில் இடைப்படங்கள் வரையும் எளிய பணியில் சேர்ந்த டைரஸ் வோங் ஆவார். 1910இல் சீனாவில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா சென்ற அவர், சோங் அரசமரபுக் கால நிலக்காட்சி ஓவியங்களில் தோய்ந்தவர். சில மரத்தண்டுகள், மூடுபனி, ஓர் ஒளிக்கீற்று ஆகியவற்றைக் கொண்டே அவருடைய சிறு வண்ண ஓவியங்கள் காட்டை உணர்த்தின. இது தொகுத்தல் எனத்தக்கது.

எனினும், தொகுத்தலிலும் பொருள் மாறுகிறது. சோங் ஓவியத்தில் மலையும் வெளியுமே பெரியன. மனித உருவம் அவற்றுள் ஒரு புள்ளியாக அடங்கிவிடும். படத்திலோ வெற்றிடம் மானை முன்னிறுத்தும் சட்டமாகிறது. மேலும், மூடிய கோடுகளால் ஆன விலங்குருவங்கள் வேறொரு வரைமரபைச் சார்ந்தவை. பின்னணி ஒரு மொழியிலும் பாத்திரம் மற்றொரு மொழியிலும் பேசுகின்றன. மணிப்பிரவாள நடையை நினைவூட்டும் இக்கலப்பு ஓரிடத்தில் மட்டும் முற்றிலும் கரைகிறது. தாய்மான் இறப்பதைப் படம் காட்டுவதில்லை. பொழியும் பனியில் காடே மறைந்து, குட்டி தனித்து நிற்கிறது. அங்கு வெற்றிடம் சட்டமாக நில்லாது, இழப்பாகவே பொருள்படுகிறது. மூல ஓவிய மரபின் ஆற்றல் படத்தில் முழுமையாகப் பெயர்க்கப்பட்ட இடம் அதுவே எனலாம்.

'ஸ்லீப்பிங் பியூட்டி' படத்தின் தோற்றத்தை வகுத்த ஐவிண்ட் எர்ல் இதற்கு மறுதலையான வழியை மேற்கொண்டார். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிம்பூர்க் சகோதரர்கள் தீட்டிய வழிபாட்டு நூலின் சிற்றோவியங்களும் ஐரோப்பிய இடைக்காலத் திரைச்சீலைகளும் அவருக்கு முதல்நூல்களாயின. அருகிலுள்ள இலையும் தொலைவிலுள்ள இலையும் ஒரே கூர்மையுடன் வரையப்பட்டன. 70 மி.மீ. அகலத்திரை அந்நுணுக்கத்திற்கு இடமளித்தது. பாத்திரங்களும் பின்னணிக்கு இயையக் கோணம் மிக்க வடிவம் பெற்றன. இது விரித்தல் எனத்தக்கது.

விரித்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. நூலின் சிற்றோவியத்தைக் காண்பவர் தாம் விரும்பும் அளவு அதில் தங்கலாம். திரைப்படமோ காண்பவரின் காலத்தைத் தானே அளந்து கொடுக்கிறது. சில நொடிகளே நிற்கும் காட்சியில் ஆயிரம் இலைகளும் படிக்கப்படாத அடிக்குறிப்புகளாகி விடுகின்றன. விவரங்களில் எதுவும் விடுபடவில்லை. விடுபட்டது அவற்றைக் காண்பதற்கான காலம். ஆயினும், அரண்மனையைச் சூழ்ந்து முட்காடு எழும் காட்சி இக்குறையை வெல்கிறது. அதுவரை ஒப்பனையாக நின்ற கோடுகள் அங்கு இளவரசனைத் தடுக்கும் பகையாகின்றன. அணி கதையாக மாறும்போது விரித்தல் தன் பயனை அடைகிறது.

இருவகை முறைகளையும் ஒப்பிடுமிடத்து, மூலத்திற்கு உண்மையாக இருத்தல் என்பது விவரங்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று என்பது பெறப்படும். மூலத்தில் ஒரு கூறு ஆற்றிய பணியைப் பெயர்ப்பில் எந்தக் கூறு ஆற்றுகிறது என்பதே அளவுகோலாதல் வேண்டும். பனிக்காட்சியும் முட்காடும் இவ்வளவுகோலில் ஒருங்கே தேறுகின்றன.

பெயர்ப்பாளரின் இடம் பற்றிய செய்தியும் இங்கு எண்ணத்தக்கது. 'பாம்பி' படம் முழுவதற்கும் தோற்றம் தந்த வோங், பெயர்ப்பட்டியலில் பின்னணி ஓவியர் பலருள் ஒருவராகவே குறிக்கப்பட்டார். 1941 வேலைநிறுத்தத்தை அடுத்து, படம் வெளிவருமுன்பே பணியிலிருந்து நீக்கப்பட்டார். சீனர் குடியேற்றத்தைத் தடுத்த அமெரிக்கச் சட்டம் 1943 வரை நடைமுறையிலிருந்த காலம் அது. நிறுவனம் அவரை 2001இல் சிறப்பித்தது. 2016இல், தம் 106ஆம் வயதில், அவர் மறைந்தார். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் சிற்றெழுத்தில் இடம்பெறும் மொழிபெயர்ப்பாளரின் நிலைக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியன்று. பெயர்ப்பை மதிப்பிடும் திறனாய்வு, பெயர்த்தவரின் பெயரையும் தேடிக் கூறக் கடமைப்பட்டது.