றஜப் மாதமும் நமது மிஃறாஜ் இலக்கியமும்

றஜப் பிறை கண்டுவிட்டால் நமது பத்திரிகைகளின் இஸ்லாமியப் பக்கங்களில் மிஃறாஜ் கவிதைகள் வரிசையாக வரத்தொடங்கிவிடும். வானொலி முஸ்லிம் சேவையின் கவியரங்குகளிலும் இதுவே நிலை. புறாக், பைத்துல் முகத்தஸ், ஏழு வானங்கள், ஐம்பது வேளைத் தொழுகை ஐந்தாகக் குறைந்தமை என்ற ஒழுங்கு மாறுவதேயில்லை. இதனை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. நானும் அப்படி நாலைந்து எழுதியவன்தான். அவற்றுள் ஒன்றை அண்மையில் எடுத்துப் படித்தபோது, அதிலுள்ள றஜப் என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறெந்த மாதத்தின் பெயரை இட்டாலும் ஓசைகூடக் கெடாது என்று கண்டேன். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

றஜப் புனிதமானது மிஃறாஜினால் அல்ல. மிஃறாஜ் நிகழ்ந்த திகதி பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. றஜப் 27 என்பது அவற்றுள் பிரபலமான ஒன்று, அவ்வளவே. றஜபுக்கென்று தனித்த நோன்பு, தனித்த தொழுகை பற்றிச் சொல்லப்படும் அறிவிப்புகளை ஹாபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானி (றஹ்) 'தப்யீனுல் அஜப்' என்ற சிறுநூலில் ஒவ்வொன்றாக எடுத்து, நம்பத்தகாதவை எனத் தள்ளியிருக்கிறார். அம்மாதத்தின் 'றகாயிப்' தொழுகையை இமாம் நவவி (றஹ்) கண்டித்திருக்கிறார். அப்படியானால் மிஞ்சுவது என்ன? மிஞ்சுவதுதான் பெரியது. துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம் எனத் தொடர்ந்து வரும் மூன்றோடு, தனித்து நிற்கும் றஜபும் சேர்ந்து நான்கு மாதங்கள், ஆயுதம் எடுக்கலாகாத மாதங்கள். சூறா தௌபாவின் 36ஆம் வசனம் இந்நான்கையும் வானங்களும் பூமியும் படைக்கப்பட்ட நாளின் ஏற்பாடாகவே பேசுகிறது. இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நான்கின் பெயரையும் மக்கள் முன் எடுத்துச் சொன்னார்கள்.

ஜாஹிலிய்யாக் கால அறபிகள் இம்மாதத்தைச் 'செவிட்டு றஜப்' என்றழைத்தார்கள். ஆயுதத்தின் ஓசை அதன் காதில் விழாது என்பது பொருள். ஸஹீஹுல் புகாரியில் அபூ றஜா அல்உத்தாரிதி என்பவரின் அறிவிப்பொன்றுண்டு. அறியாமைக் காலத்தில் கல்லை வணங்கி வாழ்ந்த அவரது கூட்டத்தார், றஜப் வந்ததும் ஈட்டியிலும் அம்பிலுமுள்ள இரும்பு முனைகளைக் கழற்றி எறிந்துவிடுவார்களாம். ஒரு கவிஞனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிலைக்கு முன் நின்றவனும் இந்த ஒரு மாதத்திற்காக ஈட்டியை மொட்டையாக்கி வைத்தான். நமது றஜப் கவிதைகளில் இந்தக் கழற்றிய முனைகள் எங்கேனும் கிடக்கின்றனவா என்று தேடினேன். நான் படித்தவற்றில் இல்லை.

இந்த இல்லாமை ஏன் என்னை உறுத்துகிறதென்றால், ஹிஜ்ரி 1427 றஜப் பிறந்தது 2006 ஜூலை மாத இறுதியில். மாவிலாறு அணைக்கட்டுப் பிரச்சினை முற்றிக்கொண்டிருந்த வேளை அது. ஆகஸ்ட் 2ஆம் திகதி, அதாவது றஜபின் முதல் வாரமளவில், விடுதலைப் புலிகள் மூதூருக்குள் புகுந்தார்கள். இராணுவத்தின் எறிகணைகளும் ஓயவில்லை. மக்கள் தஞ்சமடைந்திருந்த இடங்களிலும் ஷெல் விழுந்தது. அறபுக் கல்லூரியும் தப்பவில்லை. முழு ஊரும் கால்நடையாகக் கிளம்பிக் கந்தளாய்க்குப் போனது. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால், கொட்டியாரக் குடாவைத் தாண்டி வரும் அந்த முழக்கம் கேட்கும். செவிட்டு மாதத்தில் எங்களுக்கெல்லாம் காது கேட்டுக்கொண்டேயிருந்தது. அன்புவழி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு குடியிருப்பில் நின்று அதைக் கேட்க நேர்ந்தது என் விதி.

அதே றஜபில்தான் மூதூரில் 17 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவரைத் தவிர ஏனையோர் தமிழர். சம்பூர்ப் பக்கத்துத் தமிழ் மக்களும் அந்நாட்களில்தான் ஊரைவிட்டு ஓடினார்கள். மூதூர் மக்கள் ஷஃபானை ஒட்டித் திரும்பத்தொடங்கினர். சம்பூர் மக்களில் பலருக்குத் தமது காணியை மிதிக்க 2015க்குப் பின்னரே வாய்த்தது. இதனைச் சொல்லாமல் றஜபைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. அம்மாதத்தின் தடை, கொல்லப்படுகிறவன் யார் என்று பார்த்து விதிக்கப்பட்டதல்ல.

சற்றுப் பின்னே போனால், 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது ஹிஜ்ரி 1411 முஹர்ரம். ஆஷூறா கழிந்த கையோடு நிகழ்ந்தது. புனித மாதங்களில் இன்னொன்று. நாம் அந்த ஷுஹதாக்களை ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம், ஆகஸ்ட் 3 என்ற ஆங்கிலத் திகதியில். நிர்வாக வசதிக்கு அது சரியே. ஆனால் நமது கவிஞர்களும் அந்தக் கலண்டரிலேயே நின்றுவிட்டார்கள் என்பதே என் மனக்குறை.

இது இன்று நேற்று வந்த குறையல்ல. தமிழுக்கு முஸ்லிம்கள் அளித்த புதிய இலக்கிய வடிவங்கள் எவை என்று கேட்டால் கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத், படைப்போர் என்று மாணவர்கள் ஒப்புவிப்பார்கள். கலாநிதி ம.மு. உவைஸ் அவர்களின் ஆய்வுகள் இவற்றையெல்லாம் நமக்கு வெளிச்சமாக்கின. இவற்றுள் படைப்போர் என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். சக்கூன் படைப்போர், ஐந்து படைப்போர், செய்யிதத்துப் படைப்போர் என நீளும் வரிசையில், போரையே பெயராகக் கொண்ட ஓர் இலக்கிய வகையை நாம் வளர்த்தோம். பரணி பாடிய மொழிக்குள் நுழைந்தவர்கள் அம்மொழியின் சுவையறிந்து செய்த காரியம் அது. வாய்விட்டுப் படிக்கும்போது அதன் வேகம் இன்றும் ஆளை இழுக்கும். ஆயினும், போர் நிற்கும் மாதத்துக்கென்று ஒரு சிறு பிரபந்தமேனும் பாடத் தோன்றாமற் போனது விசித்திரமே.

மிஃறாஜைத் தமிழில் பாடிய முன்னோடி ஆலிப் புலவர். 1590இல் கோட்டாற்றில் அரங்கேறிய அவரது மிஃறாஜ் மாலை, சீறாப்புராணத்துக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. முத்துக்குளிக்கும் கரையோரத்தில் போர்த்துக்கேயரின் கை ஓங்கி மரைக்காயர்கள் நொந்திருந்த நூற்றாண்டு அது. கடலில் வழி அடைபட்ட சமூகத்தின் புலவன் வானத்தில் வழி திறந்ததைப் பாடினான் என்று நான் வாசிக்கிறேன். புலவர் அப்படி நினைத்துப் பாடினாரா என்று என்னைக் கேட்கக் கூடாது; ஒரு நூலைப் பிற்காலத்தவன் தன் காயத்தோடுதான் படிக்கிறான்.

உமறுப் புலவரோ சீறாவில் மிஃறாஜுக்கென்று தனிப்படலம் வகுக்கவில்லை. ஆனால் அத்தாசு ஈமான் கொண்டதற்கு ஒரு படலம் வகுத்தார். யார் இந்த அத்தாஸ்? தாயிப் நகரத்தார் நபிகளாரைக் கல்லால் அடித்து விரட்டியபின், இரத்தம் வடியும் பாதங்களோடு அவர்கள் ஒரு தோட்டத்தில் ஒதுங்கியபோது, திராட்சைக் குலை கொண்டுவந்து கொடுத்த கிறிஸ்தவ அடிமை. கதீஜா நாயகியும் (றழி) அபூதாலிபும் மறைந்த துயர ஆண்டின் பின் தாயிப், தாயிபின் பின் மிஃறாஜ் என்பதே ஸீறா நூல்களில் நாம் பெரும்பாலும் காணும் ஒழுங்கு. ஆலிப் புலவரையும் உமறுப் புலவரையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் றஜபின் முழுப்பொருள் கிட்டும் என்பது எனது துணிபு. விரட்டப்பட்டவருக்கே வானம் திறந்தது. நமது இன்றைய மிஃறாஜ் கவிதைகள் தாயிபைத் தாண்டிக் குதித்து நேரே புறாக்கில் ஏறிவிடுகின்றன. அதனால்தான் அவற்றில் ஏற்றம் இருக்கிறது, வலி இல்லை. கந்தளாய் முகாமில் தறப்பாளின் கீழ் இருந்தவருக்கு அவை என்ன சொல்லியிருக்கும்?

வலியைப் பாடியவர்கள் இல்லாமலில்லை. எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து கிழக்கில் எழுந்த கவிதைகளைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2002இல் வெளிவந்த 'மீஸான் கட்டைகளின் மீள எழும் பாடல்கள்' என்ற தொகுப்பின் பெயரே போதும், மையவாடியின் குரல் என்னவென்று அறிய. ஆனால் அந்த அணியினர் மௌலவிமாரின் மாதங்களை மௌலவிமாரிடமே விட்டுவிட்டார்கள். மார்க்கக் கவிதை ஒரு பக்கம், போர்க்காலக் கவிதை ஒரு பக்கம் என்று இரு பந்திகளாகப் பிரிந்துபோயிற்று. இரண்டையும் ஒரே விரிப்பில் உட்கார்த்தக்கூடிய சொல் றஜப் என்ற சொல்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். புனித மாதங்களில் போர் செய்யலாகாது என்ற சட்டம் பின்னர் மாற்றப்பட்டது என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்தல்லவா? ஆம். மக்காவின் பேரறிஞர் அதா இப்னு அபீ றபாஹ் போன்றோர் தடை நீடிக்கிறது என்றார்கள். அது சிறுபான்மைக் கருத்து. ஆனால் எப்பக்கம் நின்றாலும், இம்மாதங்களில் செய்யும் அநியாயம் ஏனைய மாதங்களில் செய்வதைவிடப் பாரதூரமானது என்ற கதாதாவின் விளக்கம் அப்படியே நிற்கிறது. நக்லாச் சம்பவத்தையும் கவனியுங்கள். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு றஜபின் கடைசியில் அப்துல்லாஹ் இப்னு ஜஹ்ஷின் (றழி) படைப்பிரிவு ஒருவரைக் கொன்றது. நபிகளார் அதை ஏற்கவில்லை. பின் இறங்கிய சூறா பகறாவின் 217ஆம் வசனம் இரண்டையும் சொல்கிறது: இம்மாதத்தில் போர் பெரும் குற்றம், மக்களை அவர்களது இடத்திலிருந்து வெளியேற்றுவது அல்லாஹ்விடம் அதனினும் பெரிது. முஸ்லிம்களின் கை தவறியதையும் மறைக்காமல், குறைஷியர் செய்த வெளியேற்றத்தையும் விடாமல் நிறுத்துப் பேசும் அந்த நிதானம் நமது போர்க்காலக் கவிதைகளில் அரிது. பலவற்றில் ஒரு தட்டுத்தான் இருக்கிறது.

தௌபாவின் 37ஆம் வசனம் கண்டிக்கும் 'நஸீ' என்ற வழக்கத்தையும் இளையவர்கள் படித்துப் பார்க்கலாம். சண்டை அவசரமாகத் தேவைப்பட்டால் புனித மாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு வேறொரு மாதத்தை அதன் இடத்தில் வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டும் தந்திரம் அது. நல்ல அங்கதக் கவிதை ஒன்று அதற்குள் உறங்குகிறது. நமது நாட்டில் போர்நிறுத்தங்களை எண்ணியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஹிஜ்ரி 1427இன் மிஃறாஜ் இரவு ஆகஸ்ட் 20ஆம் திகதியை ஒட்டி வந்தது. மூதூர் மக்களில் பெரும்பாலோர் அப்போது கந்தளாயில் இருந்தார்கள். அந்த இரவைப் பற்றி அங்கிருந்த எவரேனும் ஒரு கவிதை எழுதி, அப்பியாசக் கொப்பியொன்றில் வைத்திருக்கக்கூடும். இருந்தால், திருத்தாமல், எதுகை மோனை பார்க்காமல், அப்படியே இவ்விதழுக்கு அனுப்பிவைக்கட்டும்.