என்ன விசேஷம்?

புறநானூற்றின் 56ஆம் பாடலில் ஒயின் வருகிறது. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி வளையணிந்த பெண்கள் நாள்தோறும் ஊட்ட, அதை அருந்தி மகிழ்ந்து வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். அரசன் பெயர் நமக்குத் தெரியும். புலவர் பெயர் தெரியும். தேறலைக் கொண்டுவந்தவர்கள் யார் என்பதும் தெரியும். ஊட்டிய பெண்களின் பெயர் தெரியாது. அவர்கள் ஒரு மிடறாவது சுவைத்தார்களா என்பதைப் பாடல் சொல்லவில்லை. வகுப்பறைகளில் இந்தப் பாடலை யவன வணிகத்துக்குச் சான்றாக நடத்துகிறோம். ஒரு விருந்துக் காட்சியாகப் படித்தால் முதலில் கண்ணில் படுவது வேலைப் பங்கீடுதான்: ஊற்றுவது பெண், பருகுவது ஆண், பாடுவது இன்னோர் ஆண்.

அந்த யவனச் சாடிகளின் உடைசல்கள் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வின்போது அரிக்கமேட்டில் கிடைத்தன. கூரிய அடியும் இரண்டு கைப்பிடியும் கொண்ட, கடல் கடந்து ஒயின் வந்த சாடிகள். அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. இன்று சனிக்கிழமை காலைகளில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக அதே புதுச்சேரிக்குத் தோழிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். வங்கியில் வேலை செய்கிறவர்கள், மென்பொருள் நிறுவனத்துக்காரர்கள், ஆசிரியைகள். நானும் என்னோடு படித்த மூவரும் ஆண்டுக்கு ஒருமுறை போகிறோம். மாலையில் வண்டிகள் நிறுத்தப்பட்ட கடற்கரைச் சாலையில் நடப்போம். பிரெஞ்சுப் பெயர் எழுதிய ஏதாவது ஓர் உணவகத்தில் மீனும் ஒயினும் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பேரம் பேசிவிட்டுத் திரும்புவோம்.

போன முறை உணவகப் பணியாளர் எங்களைப் படமெடுக்க வந்தார். யாரும் யாருக்கும் சொல்லாமலே நான்கு கைகள் நான்கு கோப்பைகளைத் தண்ணீர்க் குடுவைக்குப் பின்னால் நகர்த்தின. நால்வரும் நாற்பதைக் கடந்தவர்கள், சொந்தச் சம்பளம் வாங்குகிறவர்கள். புறநானூற்றில் கோப்பை இருக்கிறது, குடிக்கும் பெண் இல்லை. எங்கள் படத்தில் பெண்கள் இருக்கிறார்கள், கோப்பை இல்லை.

இப்படிப் புறப்படும் பெண்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "என்ன விசேஷம்?" அடுக்குமாடிக் காவலாளி கேட்பார், நாத்தனார் கேட்பார், விடுதி வரவேற்பில் இருப்பவரும் கேட்பார். யாருக்காவது பிறந்தநாளா, கல்யாணமா, வேண்டுதலா? நண்பர்களோடு அதே ஊருக்குப் போகும் ஆணிடம் வீடு கேட்பது, எப்போது திரும்புவாய் என்று மட்டுமே. அவனுடைய இன்பத்துக்குக் காரணம் தேவையில்லை. பெண்ணின் இன்பத்துக்கு ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். நம் இலக்கியமும் திரைப்படமும் அந்தச் சீட்டை எப்படி எழுதித் தருகின்றன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதல் சீட்டு நோன்பு. பெண்கள் கூட்டமாக வெளியே போய்க் கூடி உண்ணும் பழைய நூல் எது என்று கேட்டால் நான் திருப்பாவையைச் சொல்வேன். விடியுமுன் தோழியின் வாசலில் நின்று எழுப்புவது, கேலி செய்வது, சேர்ந்து நடப்பது, நீராடுவது எல்லாம் அதில் உண்டு. தொடக்கத்தில் நெய்யையும் பாலையும் விலக்குகிறார்கள். 27ஆம் பாசுரத்தில் முழங்கை வரை நெய் வழிய, பால்சோற்றைக் கூடியிருந்து உண்கிறார்கள். தமிழில் பெண்கள் சேர்ந்து உண்பதை இவ்வளவு ருசியோடு எழுதியவள் ஆண்டாள்தான். ஆனால் அந்த நெய்ச்சோற்றுக்கு முன்னால் நோன்பு நிற்கிறது. ஆடிப்பெருக்கன்று கட்டுசோற்றோடு காவிரிக்குப் போகும் பெண்களுக்கும், சிவப்புச் சேலையில் பேருந்து பிடித்து மேல்மருவத்தூர் போகும் பெண்களுக்கும் பக்திதான் சீட்டு. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்தப் பேருந்துகளில் எழும் சிரிப்பை நான் கேட்டிருக்கிறேன். வீட்டைவிட்டு வெளியே ஓர் இரவு தங்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது. சாமியைக் காட்டித் தோழியோடு போகிறார்கள்.

சங்க அகப்பாடல்களில் இந்தச் சீட்டு திருமணத்தோடு காலாவதியாகிறது. தலைவி ஆயத்தோடு ஓரை ஆடுகிறாள், மணல்வீடு கட்டுகிறாள், அருவியில் குளிக்கிறாள், தினைப்புனம் காக்கிறாள். காதல் வெளியே தெரிந்ததும் இற்செறிப்பு. பிறகு திருமணம், அதன்பின் வீடு. மருதத்தில் புதுப்புனலாடப் போவது தலைவனும் பரத்தையும். தலைவி வாயிலில் ஊடி நிற்கிறாள். தோழியோ பேசிக்கொண்டே இருக்கிறாள். தொல்காப்பியம் அவள் பேசும் இடங்களைப் பட்டியலிட்டு இலக்கணமாகவே தருகிறது. ஆனால் அவளுடைய கூற்றெல்லாம் தலைவனைக் கொண்டுவருவதற்கு, அல்லது கடிந்து நிறுத்துவதற்கு. நம் மரபின் மிகச் சிறந்த தோழி அவள்தான். தனக்கென ஒரு மாலைப்பொழுதைக் கேட்டு அவள் பேசும் துறை ஒன்றுகூட இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. பரிபாடலின் வையைப் பாடல்களில் பெண்கள் நீராடுகிறார்கள், மதுவும் அருந்துகிறார்கள். புறநானூறு 235இல், கள் கொஞ்சமாக இருந்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவானே என்று அதியமானை நினைத்து ஒளவை அழுகிறாள். வையையில் அது ஊரே கூடும் விழா. ஒளவைக்கு அது புலமை தந்த இடம். அரசனின் அவையில் அமர்ந்து குடித்த இந்த ஒளவையை மறந்துவிட்டு, நரைத்த கிழவி ஒருத்தியைத்தான் நம் பொதுநினைவு வைத்துக்கொண்டிருக்கிறது. குடித்துச் சிரித்தவளை மூதாட்டியாக்கிய பிறகே அவளிடமிருந்து அறிவுரை பெற நமக்கு மனம் வந்தது.

இரண்டாவது சீட்டு துயரம். இதைத் திரைப்படங்கள் தருகின்றன. கலிஃபோர்னியாவின் ஒயின் பள்ளத்தாக்குகளில் நிகழும் இரண்டு அமெரிக்கப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் இது விளங்கும். அலெக்சாண்டர் பெய்ன் இயக்கிய 'சைடுவேஸ்' (2004) படத்தில் இரண்டு ஆண்கள் ஒரு வாரம் சுற்றுகிறார்கள். ஒருவனுக்கு அடுத்த சனிக்கிழமை திருமணம். மற்றவன் வழியில் தன் அம்மாவின் பணத்தைத் திருடுகிறான். இருவரும் பொய் சொல்கிறார்கள், பெண்களை ஏமாற்றுகிறார்கள். ஆயினும் படம் அவர்களுடைய நாக்கை மதிக்கிறது. மைல்ஸ் பீனோ நுவார் திராட்சையைப் பற்றிப் பேசும்போது அது தத்துவமாகிறது. அந்தப் படத்தில் ஒயினைப் பற்றி அவனைவிட அழகாகப் பேசுபவள் மாயா என்ற பெண். அவள் உணவகத்தில் பரிமாறுகிறவள். அவளுடைய அந்தப் பேச்சையும் படம் மைல்ஸ் மயங்கும் தருணமாகவே வைக்கிறது.

ஏமி போலர் இயக்கி நடித்த 'ஒயின் கண்ட்ரி' (2019) படத்தில் ஆறு தோழிகள் நாபாவுக்குப் போகிறார்கள். ஒருத்தியின் ஐம்பதாவது பிறந்தநாள். ஆக, விசேஷம் இருக்கிறது. ஏற்பாடு செய்த ஆபி நேரவாரியாக நிகழ்ச்சி நிரல் அச்சடித்து வந்திருக்கிறாள். அவளுக்கு வேலை போயிருப்பது மற்றவர்களுக்குத் தெரியாது. இன்னொருத்தி மருத்துவப் பரிசோதனை முடிவுக்கு அஞ்சித் தொலைபேசியைத் தவிர்க்கிறாள். பிறந்தநாள்காரியின் திருமணம் சரியில்லை. ஒயின் சுவைக்கும் காட்சிகள் சிரிப்புக்காக வருகின்றன. யாரும் சுவையைப் பற்றி ஆசையாகப் பேசுவதில்லை. ஐம்பது வயதுப் பெண்கள் குடித்து ஆடுவதற்கு எந்தத் தண்டனையும் விதிக்காத படம் இது, ஓர் ஆணைக் கொண்டுவந்து முடித்து வைக்காத படமும்கூட. அதற்காக அதை நேசிக்கிறேன். ஆனால் ஆண்கள் ஒயின் குடித்தால் ரசனை, பெண்கள் குடித்தால் சிகிச்சை என்ற கோட்டை இந்தப் படமும் தாண்டவில்லை.

தமிழில் பிரம்மா இயக்கிய 'மகளிர் மட்டும்' (2017) பள்ளிக்காலத் தோழியர் மூவரைப் பல பத்தாண்டுகள் கழித்துச் சேர்த்து வைக்கிறது. சேர்த்து வைப்பவள் அவர்களில் ஒருத்தியின் மருமகளாகப் போகிற பெண். மாமியாரும் மருமகளும் சேர்ந்து பயணம் போவது நம் திரையில் சின்ன விஷயமில்லை. இருந்தும் அங்கே பயணத்துக்குச் சீட்டு தருவது, அந்தப் பெண்கள் குடும்பத்துக்காக உழைத்துத் தேய்ந்த ஆண்டுகள். இவ்வளவு பாடுபட்டவர்களுக்கு மூன்று நாள் கொடுக்கலாம் என்று பார்வையாளர் மனமிரங்குகிறார். பாடுபடாத பெண்ணுக்கு? மகிழ்ச்சியாகவே இருக்கிறவள், இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சி வேண்டும் என்று கிளம்பினால்?

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை மாணவியர் என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறார்கள். அதே 2017இல் இந்த மாநிலத்தின் பெண்கள் மதுக்கடைகளை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவால் நெடுஞ்சாலையோரக் கடைகள் மூடப்பட்டு ஊருக்குள் இடம் மாறியபோது, ஊர் ஊராகப் பெண்கள் மறித்தார்கள். சாமளாபுரத்தில் போராடிய ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி அறைந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மது என்றால் அடி, கடன், அடகுபோன தாலி என்று அறிந்த பெண்களுக்கு முன்னால் ஒயின் கோப்பையை விடுதலையின் அடையாளமாக உயர்த்த முடியுமா?

முடியாது. உயர்த்தவும் கூடாது. விளம்பரங்கள் அதைச் செய்கின்றன. பெண்ணியம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சாமளாபுரத்துப் பெண் எதிர்த்தது எதை? தன் உழைப்பின் பணத்தையும் தன் வீட்டின் இரவையும் ஓர் ஆணின் இன்பம் விழுங்குவதை. யாருடைய இன்பம் யார் தலையில் விடிகிறது என்பதே அவளுடைய கேள்வி. கோப்பையில் மோர் இருந்தாலும் அந்தக் கேள்வி எங்கள் மேசைக்கும் பொருந்தும். நாங்கள் புதுச்சேரிக்குக் கிளம்பும் முன் இரண்டு நாளுக்கு மாவு அரைத்து வைக்கிறோம். மாமியாரின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைக்கிறோம். எங்களில் ஒருத்தியின் வீட்டில் சமைக்கும் அம்மா அந்த இரண்டு நாளும் கூடுதல் நேரம் நிற்கிறார். விடுதி அறையின் விரிப்பை மாற்றுகிறவரும் பெண்தான், அவருக்கு ஞாயிறு விடுமுறை இல்லை. அந்த அம்மாவுக்குக் கூடுதல் கூலி தருகிறோம். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று எங்களில் யாரும் நினைப்பதில்லை. அவரும் தோழிகளோடு இப்படிக் கிளம்பும் நாளில்தான் நம் பயணம் சலுகை என்ற நிலையிலிருந்து உரிமையாக மாறும்.

புதுச்சேரியில் எல்லோரும் படமெடுத்துக்கொள்ளும் இடம் பாரதி பூங்காவின் வெள்ளை மண்டபம். ஆயி மண்டபம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது. அதைச் சுற்றி ஒரு கதை வழங்குகிறது. ஒளி வீசிய ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணி அரசன் ஒருவன் கும்பிட்டான். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னான். அவள் தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். நகரம் அந்த நீரைக் குடித்தது, மண்டபம் எழுந்தது. நாம் தியாகக் கதையாகவே இதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். எனக்கு இது மூன்றாவது சீட்டின் கதை: சேவை. விளக்கும் இசையும் இருந்த அவளுடைய வீட்டுக்கு நினைவுச்சின்னம் இல்லை. குளமான பிறகே அவளுக்குப் பெயர் கிடைத்தது. அந்த மண்டபத்தின் முன் சிரித்தபடி படமெடுத்துக்கொள்ளும் தோழிகள், இடிபட்ட அந்த வீட்டையும் ஒரு நிமிடம் நினைக்கலாம்.

சென்ற ஆண்டு முதுகலை மாணவியருக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். மூன்று தோழிகள் ஓர் ஊருக்குப் போகிறார்கள், போவதற்குக் காரணம் எதுவும் இருக்கக் கூடாது, இரண்டு பக்கம். வந்தவற்றில் பெரும்பாலானவை கல்யாணம், தேர்வு, கோயில், அம்மாவின் நோய். கற்பனையில்கூடச் சீட்டில்லாமல் அவர்களால் பேருந்து ஏற முடியவில்லை. ஒருத்தி மட்டும் தரங்கம்பாடி என்று எழுதியிருந்தாள். கோட்டையைப் பார்த்தார்கள், வறுத்த மீன் தின்றார்கள், கடைசிப் பேருந்தில் திரும்பினார்கள். "ஒண்ணுமே நடக்கலையே மேம், இது கதையா?" என்று தயங்கினாள். என்ன மீன், எப்படி இருந்தது என்று கேட்டேன். அதை எழுதவில்லை என்றாள். மறுநாள் ஓரத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டு வந்தாள்: சங்கரா மீன், காரம் கொஞ்சம் தூக்கல், ஆளுக்கு இரண்டு துண்டு.